நூரு, நம் காலை நடையைப் பற்றி

என் நூரு, என் ராசாத்தி,

உன்னை அடக்கம் செய்த கபர்ஸ்தானுக்குள் பெண்கள் போவது உங்கள் வீட்டு வழக்கத்தில் இல்லை. அதனால் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேச எனக்கு ஓர் இடமும் இல்லாமல் போய்விட்டது. வேறு வழி தெரியாமல்தான் எழுதுகிறேன். நீ படிக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியாதா? உயிரோடு இருந்தபோதே சிலிண்டர் ரசீதைக்கூட என்னிடம் நீட்டி, "இன்னா போட்டிருக்கான் பாருடி"ன்னு கேட்கிறவள் நீ. கண்ணாடியை எடுத்துவர அத்தனை சோம்பல்.

ஏழு மாதம் ஆகிவிட்டது. ஏழு மாதமாக நான் ஒரு நாள்கூட நடக்கவில்லை. கூடையில் ஒரு முடிச்சுகூடப் போடவில்லை. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் சுகர் அட்டையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நல்லாத்தானம்மா இருந்தீங்க, இன்னாச்சு?" என்றாள். என்ன சொல்வது? என்னைச் சிரிக்கவைத்து நடக்கவைக்க ஆள் இல்லை என்றா?

நினைவிருக்கிறதா, அதே ஆஸ்பத்திரியில் மாத்திரை வரிசையில்தான் நீ எனக்கு முன்னால் நின்றாய். அந்த டாக்டரம்மா நம் இரண்டு பேரையும் ஒரே மூச்சில் திட்டி, தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லி அனுப்பினாள். வாசலுக்கு வந்ததும் நீ என்னைப் பார்த்து, "இந்த வயசுல எங்கடி போய் நடக்கறது? தெருவுல நாய் தொரத்தும்" என்றாய். பெயர்கூடத் தெரியாத என்னை முதல் பேச்சிலேயே டி போட்டுக் கூப்பிட்டவள் நீ ஒருத்திதான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அடுத்த நாள் காலையிலேயே பீச் ரோட்டுக்கு வந்துவிட்டோம். ஏழரை மணி வரைக்கும் வண்டிகளை விடமாட்டார்கள், சாலை முழுக்க நமக்குத்தான். கறுப்புப் பர்தாவுக்குக் கீழே வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு நீ விறுவிறுவென்று நடந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. புடவைக்குக் கீழே நான் போட்டிருந்த ஷூவைப் பார்த்து நீ சிரித்தாய். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் அந்தச் சொல்தா தாத்தா தினமும் தொப்பியைத் தூக்கி "போன்ழூர் மதாம்" என்பார். நீயும் ஒரு போன்ழூரைப் போட்டுவிட்டு, "மொதல்ல ஷூ லேஸக் கட்டுங்க தாத்தா, விழுந்து தொலைக்கப் போறீங்க" என்பாய்.

நடந்து முடித்ததும் டூப்ளே சிலைக்குப் பக்கத்தில் குட்டைச் சுவரில் உட்கார்ந்து வயர் கூடை பின்னுவோம். அங்கன்வாடியில் வேலை பார்த்த காலத்தில் நான் கற்றுக்கொண்டது அது. உனக்கும் தெரியும் என்று அளந்தாயே, உன் முதல் கூடை ஞாபகம் இருக்கிறதா? ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் இறங்கி, நாலு உருளைக்கிழங்கைப் போட்டதும் குப்புற விழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்புறம் உன் கை ஓட ஆரம்பித்தது. நீ சிவன் கண் பின்னலில் கூடை போட்டால் ஒரு முடிச்சு கோணாது. "அல்லாவே, என்னப் போயி சிவன் கண்ணு போட வெச்சிட்டியே" என்று என்னைத்தான் இடிப்பாய். யார் கேட்டாலும் கூடையைத் தூக்கிக் கொடுத்துவிடுவோம். மீன் வாங்கப் போகிறவள், சுண்டல் விற்கிறவள், உன் தெருவில் பாதிப் பேர், எல்லார் கையிலும் நம் கூடைதான்.

வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை, காலையில் எழுந்ததும் போவதற்கு ஓர் இடம், கைக்கு ஒரு வேலை, வாய்க்கு நீ. அது போதுமானதாக இருந்தது நூரு.

அந்தப் பாழாய்ப்போன பந்தயத்தை ஆரம்பித்ததும் நான்தான். கூடையில் கைப்பிடி போடுவதுதான் கஷ்டம், இழுத்து இழுத்து விரல் வெட்டுப்பட்டுவிடும். அதனால், நடக்கும்போது யார் முதலில் உட்காருகிறாளோ அவள்தான் இரண்டு பேர் கூடைக்கும் கைப்பிடி போட வேண்டும் என்று சட்டம் போட்டேன். நீயும் வீம்புக்காரி. நாலு வருஷத்தில் நீ உட்கார்ந்தது இரண்டே தடவை.

இனி எழுதப்போவதை நான் ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குக் காந்தி சிலை தாண்டியதும் நீ நின்றாய். "செல்வி, நெஞ்சுல என்னமோ அடைக்குதுடி. வலிக்குது. கொஞ்சம் உக்காரலாமா?" என்று கேட்டாய். நான் உன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "ராத்திரி பிரியாணிய அமுக்கியிருப்ப, வாயு. நடந்தா சரியாப் போயிடும். உக்காந்தா கைப்பிடி உன் தலையில, சொல்லிட்டேன்" என்றேன். நீ சிரித்தாய். சிரித்துவிட்டு நடந்தாய். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே டூப்ளே சிலை வரைக்கும் வந்து, "பாத்தியா, உக்காரல" என்று சொல்லிவிட்டு, என் தோள்மேல் சாய்ந்தாய். ஆட்டோவில் ஏற்றும்போதே உன் கை ஜில்லென்று ஆகிவிட்டது.

நான் உட்கார விட்டிருந்தால்? அப்போதே ஆட்டோவைக் கூப்பிட்டிருந்தால்? இந்த ஏழு மாதமும் சமையல் செய்யும்போதும் துணி துவைக்கும்போதும் இந்த ஒரு கேள்வியைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன்.

உன் மகள் பர்வீன் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "பெரிம்மா, அம்மாக்கு வலிச்சுதா? எதாச்சும் சொன்னாங்களா?" அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வேன்? "இல்லம்மா, ஒரு வலியும் இல்ல. சிரிச்சுக்கிட்டே போயிட்டா" என்றேன். அவளுக்காகச் சொன்னேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பயந்துதான் சொன்னேன் நூரு. நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் அவள், "எங்கம்மா நோவு நொடி இல்லாம சிரிச்சுக்கிட்டே போனாங்க, பெரிம்மாதான் கூட இருந்தாங்க" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்து, "நூரு குடுத்துவெச்சவ" என்றார்கள். தட்டில் இருந்த நெய்ச்சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

உனக்குச் சொல்ல வேண்டிய செய்தி இனிமேல்தான். போன மாதம் பர்வீன் குருசுக்குப்பத்துக்கு என்னைப் பார்க்க வந்தாள். நடக்காமல் நான் வீட்டில் முடங்கிக் கிடப்பதாக யாரோ சொன்னார்களாம். மாடிப்படியில் பாதி ஏறியவள் அப்படியே உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்தாள். உன் சுகர் அவளுக்கும் வந்திருக்கிறது, தெரியுமில்லையா?

"இன்னாடி?" என்றேன்.

"ஒண்ணுமில்ல பெரிம்மா, ரெண்டு நாளா நெஞ்சு அடைக்கிற மாதிரி வலிக்குது. வாயுதான்."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"அதுக்கெல்லாம் எதுக்கு? ஹார்ட்டா இருந்தா அம்மாக்கு வந்த மாதிரி வலியே இல்லாம வந்திருக்கும். எனக்குத்தான் வலிக்குதே. அப்ப அது இல்ல."

நான் சொன்ன பொய்யை அந்தப் பெண் பாடம் மாதிரி பிடித்து வைத்திருக்கிறாள். படியிலேயே அவள் எதிரில் உட்கார்ந்தேன். "பர்வீன், உங்கம்மாக்கு வலிச்சுது. அடைக்குதுன்னு சொன்னா. உக்காரலாமான்னு கேட்டா. நான்தான் விடல, வாயுன்னு சொல்லி நடக்க வெச்சேன். எந்திரி, ஆட்டோவுல ஏறு" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தாள்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஆட்டோவில் அவள் அந்த ஓரம், நான் இந்த ஓரம். அங்கே போனதும் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், உடனே உள்ளே கொண்டுபோனார்கள். ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். "நேரத்துக்குக் கூட்டிட்டு வந்தீங்கம்மா, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

நான்காம் நாள் வார்டுக்குப் போனேன். பர்வீன் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கொண்டுபோன கஞ்சியை வாங்கி வைத்தாள். அதன் மூடியை இறுக்கிவிட்டுப் பேசினாள்.

"பெரிம்மா, நீங்க உண்மையச் சொன்னதாலதான் நான் உசுரோட இருக்கேன். அது எனக்குத் தெரியும். ஆனா உங்களப் பாத்தா, அம்மா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு நடக்கறதுதான் கண்ணுல வருது. உங்கள வெறுக்க எனக்கு மனசு வரல. பாக்கவும் முடியல. இனிமே வராதீங்க."

சரிம்மா என்றேன். உன்னைப் போலவே ஒளிக்காமல் பேசுகிறாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. படியிறங்கி பஸ் நிறுத்தத்துக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. நீயும் போய்விட்டாய், நீ விட்டுப்போன பெண்ணும் இல்லை என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து யாரிடம் பேசுவது என்று தெரியாமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன்.

முந்தாநாள் சுண்டல்காரி வந்து சொன்னாள். டாக்டர் பர்வீனைத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறாராம். காலையில் பீச் ரோட்டுக்கு வருகிறாளாம், மெதுவாக, தனியாக, டூப்ளே சிலை வரைக்கும் போய்த் திரும்புகிறாளாம். வழியில் தோன்றிய இடத்தில் எல்லாம் உட்கார்ந்துகொள்கிறாளாம்.

என்னையும் நடக்கச் சொல்லித்தான் டாக்டரம்மா பிடிவாதமாக இருக்கிறாள். நடப்பேன். என் வீட்டு மொட்டை மாடியில் முப்பது காலடி, திரும்ப முப்பது காலடி. அங்கே கடல் தெரியாது, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். பரவாயில்லை. நீயும் நானும் அத்தனை சந்தோஷமாக இருந்த சாலை உன் மகளுக்கு வேண்டும் நூரு. அவள் நடக்கிற வரைக்கும், நான் உயிரோடு இருக்கிற வரைக்கும், காலை வேளையில் அந்தப் பக்கம் தலைகாட்டமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன்னைவிட நான்கு மாதம் மூத்தவள்,
உன் அக்கா செல்வி