வைகாசியில் நட்ட போகன்விலா

என் அன்பு அருளப்பு அண்ணைக்கு,

உங்கள் குடும்பம் ஊரிலிருந்து நான் இருக்கும் நாட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரீத்தா அக்காவும் மகளும் இப்போது லா கூர்னெவ் என்ற புறநகரில், அக்காவின் தம்பி வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளைக்கு உங்கள் நெற்றி. நான் லா சப்பலில்தான், ஓர் அறையில் ஆறு பேரோடு. உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறேன். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து அக்கா என்னைத் தேடி வந்தார். பாலைவனத்தில் உங்களோடு வேலை செய்தவன் நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சந்திப்பை நினைத்து நான் எத்தனை நாள் பயந்திருக்கிறேன் தெரியுமா அண்ணை?

அறையில் பேச வசதியில்லை. பக்கத்துப் பூங்காவில் போய் இருந்தோம். மத்தியான நேரம். நகரசபைத் தோட்டக்காரர் ஒருவர் பூச்செடிகளுக்குக் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். "இந்த நேரத்திலை இலையிலை தண்ணி படக்கூடாது" என்று என்னை அறியாமலே சொல்லிவிட்டேன். இந்த ஊர் வெயில் எந்த இலையைச் சுடப்போகிறது? பழக்கதோஷம்.

அக்கா திரும்பிப் பார்த்தார். "உமக்கு என்னெண்டு தோட்ட வேலை தெரியும்? நீரும் அவரும் கந்தோரிலையெல்லோ இருந்தனீங்கள்? நிழல்லைதான் வேலை எண்டு கசெற்றிலை பேசி அனுப்புவார்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அலுவலக வேலை என்று நீங்கள் அவ்வளவு கவனமாகக் காப்பாற்றிய பொய். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைத் தொடர எனக்கு வாய் வரவில்லை.

"இல்லையக்கா. நாங்கள் மரங்களுக்கு நிழல் கட்டினனாங்கள்" என்றேன்.

பிறகு எல்லாம் சொன்னேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். அக்காவிடம் எதைச் சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அந்த வைகாசியில் முதலாளி வீட்டார் கோடைக்கு வெளிநாடு போகத் தயாரானதையும், திரும்பி வரும்போது ஒரு மரம்கூடப் பட்டிருக்கக் கூடாது என்று மேற்பார்வையாளர் சொன்னதையும் சொன்னேன். விடியுமுன்னே எழும்பி எலுமிச்சைகளுக்கு வேர் நனையத் தண்ணீர் கட்டுவோம். அடிமரத்துக்குச் சுண்ணாம்பு பூசி, பாத்திகளில் பேரீச்ச ஓலை பரப்பி மண்ணை மூடுவோம். வெயில் ஏறினால் மனிதர் வேலை செய்ய முடியாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மேற்பார்வையாளருக்கும் தெரியும்.

அன்று மத்தியானம் ரோசாப் பாத்திக்கு மேல் கட்டியிருந்த பச்சை நிழல் வலையைக் காற்று பிய்த்துவிட்டது. பின்னேரம் கட்டுகிறோம் என்று நீங்கள் கேட்டுப் பார்த்தீர்கள். அதற்குள் பூவெல்லாம் கருகிவிடும், இப்போதே ஏறு என்றார் மேற்பார்வையாளர். நான் வீட்டின் மறுபக்கம் ஓலை இழுத்துக்கொண்டிருந்தேன். ஏணி விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தபோது உங்கள் உடம்பு அடுப்பிலிருந்து எடுத்த சட்டிபோலச் சுட்டது. வேர்வைகூட இல்லை. மலையாளி டிரைவர் மத்தாயி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். நீங்கள் கண் திறக்கவில்லை.

அக்கா அழவில்லை. மடியில் கிடந்த முக்காட்டை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் ஒன்று கடந்து போகும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கேட்டார்.

"அவரை அடக்கின குழியிலை ஏதும் நட்டனீரோ?"

நட்டேன் அண்ணை. முதலாளி வீட்டு மதிலோரத்துப் போகன்விலாவில் ஒரு கன்று. வைகாசியில் அந்த மண்ணில் எதையும் நடக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் நட்டேன். வெறும் மணலாக உங்களை விட்டுவர மனம் கேட்கவில்லை. வேலை முடிந்து ஒவ்வொரு நாளும் தண்ணீர் கொண்டுபோனேன். இரண்டு கிழமைக்குள் இலையெல்லாம் கடதாசியாகிவிட்டது. அதையும் அக்காவிடம் சொன்னேன்.

 தோட்டக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

"அப்ப, எந்த மாதம் நடலாம்?" என்றார் கடைசியில்.

"ஐப்பசிக்குப் பிறகு, அக்கா. வெயில் இறங்கினாப் பிறகு."

"ஆரைக் கொண்டு நடுறது?"

எனக்கு எங்கும் போகப் பயணப் பத்திரம் இல்லை. அக்காவுக்கும் இல்லை. நேற்று மத்தாயிக்கு எழுதிப் போட்டேன். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று நம்புகிறேன். கன்றை எங்கே எடுப்பது, குழியை எவ்வளவு ஆழம் வெட்டுவது, எல்லாம் எழுதியிருக்கிறேன். பதில் வருமா? வந்தாலும் அந்தக் கன்று அடுத்த கோடையைத் தாங்குமா?

ஒன்றுக்கு மட்டும் வாக்குத் தருகிறேன் அண்ணை. தளிர்த்தால் தளிர்த்தது என்றும், பட்டுப்போனால் பட்டுப்போனது என்றும் அக்காவிடம் சொல்வேன். பட்டுப்போனால் அடுத்த ஐப்பசிக்கு மறுபடியும் ஆள் தேடுவேன்.

உங்கள் கூடப்பிறவாத தம்பி,
சேவியர்