உன் பேரில் ஏலம் போன பலாப்பழம்

வீடு முழுக்கப் பலாப்பழ வாசம். தண்ணீரூற்றுச் சந்தியில் பழக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து, கேற்றடியில் ஒரு பழத்தை இறக்கினார். "அக்கா, இந்தப் பருவத்தில இதுதான் கடைசி. உங்களுக்கும் அவாவுக்கும் எண்டு கொண்டந்தனான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்தாயா? நீ செத்து ஒரு வருடமாகிறது. இன்னும் எனக்கு வருகிற பழத்தில் பாதி உன்னுடையதாம்.

எரிச்சலாக வருகிறது. இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்கடி சொல்ல?

நீ இருந்தபோதும் இப்படித்தான். இடம்பெயர்ந்து முகாமில் கிடந்த காலத்தில்கூட, தண்ணீர் வரிசையில் உன்னைக் கண்டால் "நீங்க முன்னுக்கு வாங்கோ" என்று யாராவது இடம் விடுவார்கள். உனக்குப் பின்னால் வாளியோடு நான் நிற்பேன், என்னை ஒருத்தரும் கூப்பிடமாட்டார்கள். ஊருக்குத் திரும்பி வந்து முதல் நத்தார்ப் பெருநாளுக்கு, கண் வலிக்க வலிக்க நான் கோயில் பீடத்துணி தைத்தேன். "நல்லாயிருக்கு" என்றார் பாதர், அவ்வளவுதான். கடைசி நேரத்தில் நீ ஓடிவந்து அதன்மேல் ஒரு கொத்துச் செவ்வரத்தம்பூவை வைத்தாய். பூ பின்னேரமே வாடிவிட்டது. சனமோ புதுவருசம் வரைக்கும் அந்தப் பூவைப் பற்றியே கதைத்தது.

எல்லாவற்றையும் விடப் பெரிய எரிச்சல், ஏலம். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில், சனம் நேர்ந்து கொண்டுவந்த சேவலையும் பூசணிக்காயையும் முதல் வலையில் பட்ட மீனையும் நீதான் ஏலம் கூறுவாய். கேட்டு எடுத்தவர் "திரும்ப விடுங்கோ" என்று பொருளைக் கோயிலுக்கே கொடுத்துவிடுவதும், அதே பொருள் மறுபடி ஏலத்துக்கு வருவதும் எங்கள் வழக்கம்தானே. உன் கையில் அகப்பட்ட பூசணிக்காய் ஒரு வீட்டுக் குசினிக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிடும். வள்ளங்கள் வைத்திருக்கிற சம்மாட்டியாரைப் பார்த்து, "காசை என்ன அடைகாக்கிறியளோ? குஞ்சு பொரிக்காது, வெளியில எடுங்கோ!" என்பாய். அதையே நான் சொல்லியிருந்தால் பெரிய சண்டையாகியிருக்கும். நீ சொன்னால் அந்த மனுசன் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு சட்டைப் பைக்குள் கை விடுவார்.

நீ போன பிறகு கார்த்திகையில் புயல் அடித்தது. விடிந்து போய்ப் பார்த்தால் கோயிலுக்குக் கூரை இல்லை. தகரச் சீற்றுகளில் பாதி கடற்கரைத் தாழைக்குள் சுருண்டு கிடந்தன. சனம் இருக்கிற வாங்குகளை வெளியில் தூக்கிப் போட்டு, முற்றத்தில் தறப்பாள் கட்டி, அதன் கீழேதான் பூசை. அடுத்த மாரிமழைக்கு முன்னம் கூரை போடாவிட்டால் சுவரும் ஊறி விழும் என்று மேசன் சொல்லிவிட்டார். மாதர் சங்கக் கூட்டத்தில் பாதர் என்னைப் பார்த்து, "இனி நீங்கதானே ஏலம் கூறவேணும்" என்றார். உனக்கு ஒளிப்பானேன், உள்ளுக்குள் எனக்குச் சந்தோசம். ஒருநாளாவது சனம் என் முகத்தைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

பார்த்தார்கள். பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். "அன்பான இறைமக்களே" என்று நான் தொடங்க, ஆம்பிளைகள் சைக்கிளை எடுத்தார்கள். நல்ல கொழுத்த சேவல் ஒன்று சந்தை விலைக்கும் குறைவாகப் போனது. சம்மாட்டியாரின் மனைவி எனக்குக் கேட்கத்தக்கதாக, "அவா இருந்திருந்தா இதுக்குள்ள கூரை போட்டு முடிஞ்சிருக்கும்" என்றார். ஒவ்வொரு ஞாயிறும் இதே கதை. செத்தவளோடு எப்படியடி போட்டி போடுவது? உயிரோடு இருந்தால் உனக்கும் ஒருநாளைக்குத் தொண்டை கட்டும், ஒரு வார்த்தை பிழைக்கும். இப்போது உனக்கு ஒரு பிழையும் வராது.

வைகாசியில்தான் அந்த நானா முதல்தரம் வந்தார். இரண்டு கையாலும் தூக்க முடியாத பழம். கோயில் படலைக்கு வெளியே நின்றுகொண்டே, "உங்கட கூரைக்கு. அக்கா இருந்தா நேர வந்து, பழத்தை மரத்தில வைச்சே கேட்டிருப்பா. அவான்ர பேரில விடுங்கோ" என்றார். நான் மைக்கில் உன் பேரைச் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், கை கையாக உயர்ந்தது. சம்மாட்டியார் எடுத்தார். "திரும்ப விடுங்கோ, அவான்ர பேரில" என்றார். பள்ளிக்கூட ரீச்சர் எடுத்தார், அவரும் அதையே சொன்னார். பிரான்சில் இருக்கிற ஒருத்தன் போனில் கேட்டு எடுத்து, "அன்ரியின்ர பேரில திரும்ப விடட்டாம்" என்று தாயிடம் சொல்லுவித்தான். சைக்கிளை எடுத்தவர்கள் எல்லாம் திரும்பி வந்து நின்றார்கள். ஒவ்வொரு தரமும் உன் பேரை என் வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எனக்குத் தலைக்குள் விறுவிறென்று ஏறியது. தையல் மெசினுக்கு மோட்டர் போடவென்று வைத்திருந்த காசு ஞாபகம் வந்தது. அவ்வளவையும் மைக்கிலேயே சொன்னேன். ஏலம் கூறுகிறவள் தானே கேட்கக் கூடாது என்பதெல்லாம் மறந்து போனது. "ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம்!" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டேன். சனம் நான் "திரும்ப விடுறன்" என்று சொல்லுமட்டும் காத்துக்கொண்டு நின்றது.

"விடமாட்டன். இதை நான் வீட்டை கொண்டு போறன்" என்றேன்.

பழத்தோடு சேர்த்து உன் பேரையும் அன்றைக்கு அந்த முற்றத்திலிருந்து அகற்றிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன், அவ்வளவு ஆத்திரம். அப்போது சம்மாட்டியாரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "பாருங்கோவன், சிநேகிதியின்ர பழத்தை ஆருக்கும் குடுக்க அவாவுக்கு மனம் வரேல்லை" என்றார். அவ்வளவுதான். பெண்களெல்லாம் அழத் தொடங்கிவிட்டார்கள். பாதர் கண்ணாடியைக் கழற்றினார். அதன் பிறகு அன்று ஒரு தேங்காய்கூட மலிவாகப் போகவில்லை. நான் எரிச்சலில் செய்ததும் உன் கணக்கில்தான் சேர்ந்தது.

வீட்டில் இவர், "விசரே உனக்கு? ஒரு பழத்துக்கு இவ்வளவு காசோ?" என்று கத்தினார். நான் கையில் எண்ணெய் பூசிக்கொண்டு பழத்தை வெட்டினேன். தேன் மாதிரி இனித்தது. அதற்கும் எரிச்சல் வந்தது.

ஏலத்தில் அன்று பிடித்த சூடு பிறகு ஆறவில்லை. ஆடி முடிய முன்னமே கூரை ஏறிவிட்டது. போன ஞாயிறு புதுச் சீற்றின் கீழ் முதல் பூசை. தறப்பாளுக்குக் கீழே வாங்குகள் தாறுமாறாகக் கிடந்ததால் யாருக்கும் சொந்த இடம் இருக்கவில்லை. இப்போது எல்லாம் பழையபடி வரிசைக்கு வந்துவிட்டது. யன்னலோரம் நீ இருக்கிற இடமும் வந்துவிட்டது. பக்கத்தில் என்னுடைய இடம். நான் போய் இருந்தேன்.

எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். அப்போது ஒருத்தி வந்தாள், ஊருக்குப் புதிதாகக் கலியாணம் கட்டி வந்தவள். நல்ல முகம், நல்ல சிரிப்பு. வாசலில் இருந்து வாங்குக்கு வருவதற்குள்ளேயே நாலைந்து பேர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். குனிந்து என்னிடம், "அக்கா, இதில ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டாள்.

என் நெஞ்சுக்குள் அதே பழைய எரிச்சல் எழும்பியது. இந்த முறை அது உன்மேல் இல்லை.

"ஓம் பிள்ளை, ஆள் இருக்கு" என்றேன்.

அவள் பின்வாங்குக்குப் போய்விட்டாள். பூசை முடியுமட்டும் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. நற்கருணைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு போனார்கள், பக்கத்தில் இருந்த என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்க்காமல் போகட்டும். அடுத்த ஞாயிறும் அவள் வந்து கேட்டால் அதையேதான் சொல்லுவேன்.