ஒன்பது வீட்டு அளவு

சென்னை
3-10-71

அன்புள்ள அம்சவல்லிக்கு,

கோவிந்தராசு எழுதுவது. வந்து சேர்ந்து பத்து நாளாகியும் கடிதம் இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய். வேலை அப்படி. பட்டுக்கோட்டை மரவாடி காதர் மைதீன் ராவுத்தர் அனுப்பிவைத்தது தச்சு வேலைக்குத்தான், ஆனால் என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பாய். இந்த வீட்டு அய்யா ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மாடி முழுக்க மேஜை போட்டு, அதன்மேல் குட்டித் தண்டவாளம் பதித்திருக்கிறார். என்ஜின் என் கையளவு. கரண்டில் ஓடுகிறது. அந்த ரயிலுக்கு ஸ்டேஷன், கேட்டு, தண்ணீர்த் தொட்டி, பாலம் எல்லாம் நான் செய்ய வேண்டும். நம் ஊரில் ஏழேகால் அடி இருப்பது இங்கே ஒரு அங்குலம்.

அய்யா வாலிபத்தில் நம் லைனில் வேலை பார்த்தவராம். நம் ஸ்டேஷனையும் ரயிலடித் தெருவையும் அப்படியே வைக்க ஆசைப்படுகிறார். ஸ்டேஷனுக்குப் படம் இருக்கிறது, தெருவுக்கு இல்லை. நீ ஒரு கயிற்றை எடுத்து ஒன்பது வீட்டையும் அளந்து எழுது. நீளம், அகலம், சுவர் உயரம், கூரை எவ்வளவு இறங்கியிருக்கிறது, எல்லாம் வேண்டும்.

உன்
கோவிந்தராசு

ரயிலடித் தெரு, கீழப்பாலூர்
20-10-71

அன்புள்ள மாமாவுக்கு அம்சவல்லி எழுதிக்கொண்டது.

கடிதம் கண்டேன். உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயா என்று ஒரு வரி இல்லை. கூரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். இறங்கினது இறங்கினபடி ஒழுகுகிறது, அதையும் அய்யாவிடம் சொல்லுங்கள்.

ஒரு முக்கியமான சேதி. பண்ணை மனையில் குடியிருக்கிறவர்களுக்கு அந்த மனையே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறது. தை பிறந்ததும் சர்வேயர் வந்து அளந்து பட்டா எழுதுவாராம். அன்றைக்கு வீடும் இருக்க வேண்டும், வீட்டு ஆளும் இருக்க வேண்டும் என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சொன்னார்கள். உங்கள் வம்சத்திலோ என் வம்சத்திலோ ஒருத்தர் பேரிலும் கையகல மண் இருந்ததில்லை. நீங்கள் வந்தே தீரவேண்டும்.

அளந்துவிட்டேன். தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தது பக்கத்து வீட்டு வீரையன் பெரியப்பா. எதற்கு என்று கேட்டார். விளையாட்டு ரயிலுக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "கேட்டு எழுதியிருக்காங்க" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பண்ணைக் காரியக்காரர் அமிர்தலிங்கம் மட்டும் சைக்கிளை நிறுத்தி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

அம்சவல்லி

சென்னை
9-11-71

அன்புள்ள அம்சவல்லிக்கு,

கெட்டிக்காரிதான் நீ. ஒன்பது வீடும் எழும்பிவிட்டது. சுவருக்கு அட்டை, அதன்மேல் பசை தடவிச் செம்மண் பொடி. கூரைக்குத் தேங்காய் நாரைச் சீப்பால் வாரி ஒட்டினேன். முதலில் செய்த குடிசை ஸ்டேஷனை விட உயரமாகப் போய்விட்டது. மண்டையை உடைத்துக்கொண்டு பார்த்தால், நீ உன் முழத்தில் அளந்திருக்கிறாய், நான் என் முழத்துக்குச் செய்திருக்கிறேன். உன் கை எவ்வளவு நீளம் என்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்துத் திரும்பச் செய்தேன். சரியாக வந்தது.

அய்யா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத் தோளில் தட்டிக்கொடுத்தார். என்னை அப்படி யாரும் தட்டிக்கொடுத்ததில்லை. இன்னும் நிலைவாசல் உயரங்களும், வீரையன் பெரியப்பா வீட்டு முருங்கை எந்தப் பக்கம் என்பதும் வேண்டும். பட்டாவுக்குப் பொங்கலுக்கு வந்துவிடுவேன், கவலைப்படாதே.

உன்
கோவிந்தராசு

கீழப்பாலூர்
2-12-71

அன்புள்ள மாமாவுக்கு,

மறுபடி அளக்கப் போனேன், வம்பு பிடித்துக்கொண்டது. தெருவே பின்னால் வந்தது. பட்டாவுக்காகச் சங்கத்தில் என்னை அளக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று வீரையன் பெரியப்பா எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். மாட்டுக் கொட்டகையையும் சேர்த்துக்கொள், கோழிக் கூண்டையும் சேர்த்துக்கொள் என்று ஆளாளுக்குக் கையைப் பிடிக்கிறார்கள். பெரியப்பா சுவருக்குச் சுண்ணாம்பே அடித்துவிட்டார். அவர் சிரித்து நான் இப்போதுதான் பார்க்கிறேன். இது பொம்மை வீட்டுக்கு எடுத்த அளவு என்று எந்த வாயால் சொல்வேன்?

காரியக்காரர் வாசலில் வந்து நின்று, அளந்து எழுதிய தாளைக் கொடு என்றார். தபாலில் போய்விட்டது என்றேன். "மெட்ராஸுக்கா?" என்றார். தலையை ஆட்டினேன். கோட்டைக்கே எழுதிப் போட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. சர்வேயர் வருவதற்குள் வீடே இல்லாமல் செய்துவிடுவார்கள் என்று சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். உடனே வாருங்கள். நீங்கள் வந்து பண்ணையிலும் தெருவிலும் உள்ளதைச் சொன்னால் தீர்ந்துபோகும். வராவிட்டால் நானே சொல்லிவிடுவேன்.

அம்சவல்லி

சென்னை
14-12-71

அன்புள்ள அம்சவல்லிக்கு,

இப்போது வர வழியில்லை. ஜனவரி முதல் தேதி அய்யாவின் சிநேகிதர்கள் ரயில் பார்க்க வருகிறார்கள். அன்றைக்கு என்னைப் பக்கத்தில் நிறுத்தி, எல்லாம் இவன் கைவேலை என்று சொல்லப்போகிறாராம். மறுநாளே ரயில் ஏறிவிடுகிறேன். அதுவரை நீ யாரிடமும் வாயைத் திறக்காதே. பொம்மைக்கு அளந்தாள் என்று தெரிந்தால் தெருவே காறித் துப்பும். அப்புறம் நான் எப்படித் தலைகாட்டுவது? காரியக்காரர் மிரட்டத்தான் செய்வார், அது அவர் பிழைப்பு. பதினெட்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

வீடுகளுக்குள் நெல்மணி அளவு பல்பு வைத்திருக்கிறேன். ஒன்பது வீட்டிலும் விளக்கெரிகிறது. நம் தெருவுக்குக் கரண்டு வந்துவிட்டது, போ.

உன்
கோவிந்தராசு

கீழப்பாலூர்
30-12-71

அம்சவல்லி எழுதுவது.

நீங்கள் சொன்னபடி நான் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் எல்லாரும் களை பறிக்கப் போயிருந்தோம். பண்ணை டிராக்டரில் வெளியூர் ஆட்கள் வந்து, முதல் வீட்டிலிருந்து இடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். நாங்கள் வரப்பில் விழுந்தடித்து ஓடி வருவதற்குள் ஏழு வீடு தரையாகிவிட்டது. நம் வீடும் அதில் ஒன்று. எட்டாவதான தன் வீட்டு வாசலில் வீரையன் பெரியப்பா உட்கார்ந்திருந்தார், அவர் மட்டும் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. எழுந்து போகச் சொன்னார்கள்.

"அளந்தாச்சுய்யா. அளந்த வீட்டத் தொட உங்களுக்கு அதிகாரம் இல்ல" என்றார்.

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அது பொம்மைக்கு அளந்தது, எழுந்து வாங்க பெரியப்பா என்று நான் கத்தியிருந்தால் வந்திருப்பார். தெருவே கேட்குமே என்று ஒரு நிமிஷம் எனக்கு நாக்கு எழவில்லை. அதற்குள் பின்சுவரை முட்டிவிட்டார்கள். முன்சுவரும் விட்டமும் அவர்மேல் விழுந்தன. மண்ணைத் தள்ளி எடுத்தபோது உயிர் இல்லை.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. மிச்சத்தையும் இடித்து, தெரு இருந்த இடத்தில் வேலி போட்டுவிட்டார்கள். தை மாதம் சர்வேயர் வந்தால் அளக்க அங்கே ஒன்றும் இல்லை. நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் கிடக்கிறோம்.

நேற்று பெரியப்பா சம்சாரம் காளியம்மாள் பெரியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ அளந்து குடுத்ததாலதான் ஆயி, அவரு சொந்த வீட்டுல செத்தாரு" என்று சொல்லி என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் பேசாமல் இருந்தேன். இனி சாகிறவரைக்கும் பேசாமல்தான் இருக்க வேண்டும்.

நீங்கள் இரண்டாம் தேதி ரயில் ஏற வேண்டாம். உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அதைப் பார்த்துத்தான் உங்களுக்குக் கழுத்தை நீட்டினேன். இங்கே வந்து இருந்தால், இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் பெரியம்மாவிடம் சொல்லிவிடுவீர்கள். சொன்னால் உங்கள் மனசு ஆறும். அவருக்கு என்ன மிஞ்சும்?

பெரியம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். கூலிக்குப் போனால் எங்கள் இரண்டு பேர் வயிற்றையும் கழுவலாம். ஊரில் கேட்டால், நீங்கள் மெட்ராஸில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டீர்கள் என்று சொல்லிக்கொள்கிறேன். நம்புவார்கள்.

அம்சவல்லி