முகூர்த்தம் என்றால் இரட்டை வண்டி

அன்பு மச்சான் காதருக்கு,

வருகிற வாரம் நீ போய் வருஷம் திரும்புகிறது. ஊரில் எல்லோரும் உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசுகிறார்கள். எனக்கு உன்னைப் பற்றிப் பேசத் தெரியவில்லை, உன்னோடு பேசித்தான் பழக்கம். அதனால் நாலு பேர் படிக்கும்படியாகவே உனக்கு எழுதிவிடுகிறேன். நீ பதில் பேசாமல் நான் சொல்வதைக் கேட்கப்போவது இதுதான் முதல் தடவை.

படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காதரும் நானும் காட்டுப்பாக்கத்து மல்லித் தோட்டங்களில் பூ எடுத்துப் பட்டணத்துக்கு அனுப்பும் கூட்டு வியாபாரிகள். இவன் பூந்தமல்லிப் பள்ளிவாசல் தெரு, நான் பெருமாள் கோயில் பக்கம். மச்சான் மச்சான் என்று கூப்பிட்டே கிழவனாகிவிடலாம் என்றிருந்தோம். அவன் அவசரக்காரன், முந்திக்கொண்டான்.

உன் அவசரத்தை நான் எத்தனை கேலி செய்திருப்பேன்? விடியலில் கூடைகள் வந்து இறங்கும். பஞ்சாங்கம், போன வருஷத்து விற்பனை, மழைக்கோலம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, இன்று எவ்வளவு அனுப்பலாம் என்று நான் யோசிப்பேன். நீ முதல் கூடையில் கையை விட்டு ஒரு பிடி மொட்டை எடுத்துப் பார்ப்பாய், அதோடு சரி. “முகூர்த்தம்னா ரெட்ட வண்டி, ஆடின்னா அர வண்டி. நீ யோசிச்சி முடிக்கறதுக்குள்ள பூவே மலந்துடும் மச்சான்” என்பாய். பல நாள் அப்படியே மலர்ந்தும் போயிருக்கிறது.

உன் வழியிலும் நியாயம் இருந்தது. பட்டணத்தில் இன்று பூ என்ன விலைக்குப் போனது என்பது, வண்டி திரும்பி வந்தபிறகு நாளைதான் நமக்குத் தெரியும். தெரிந்தபிறகு முடிவு செய்யலாம் என்று மொட்டு காத்திருக்குமா? அதனால் நீ சொன்னதைத் தோட்டக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் யாரும் யாரையும் கேட்பதில்லை. இரண்டு மடங்கு ஆள் விட்டுப் பறித்துவிடுவார்கள், இரண்டு வண்டி வந்து நிற்கும், பட்டணத்து மாலைக் கடைகளும் வழிமேல் விழி வைத்திருக்கும்.

இந்தச் சித்திரையில் என்ன நடந்தது தெரியுமா? ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே ஊரைக் காலி செய்தது. நீ இருந்திருந்தால் பூந்தமல்லிச் சாலையில் நின்று வேடிக்கை பார்த்தே ஒரு மாதத்தைக் கழித்திருப்பாய். அதற்குள் ரங்கூன் அரிசியும் நின்றுபோயிருந்தது. மல்லியைப் பிடுங்கிவிட்டுக் கேழ்வரகு போடலாம் என்று தோட்டத்துக்குத் தோட்டம் பேச்சு. நம் பெரிய தோட்டக்காரி கோவிந்தம்மா முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

“இன்னா நைனா, எங்க ஊட்டுக்காரரு செடிய வெட்டிடலாம்ன்றாரு. வர்ற முகூர்த்தத்துக்குப் பூவு போச்சின்னா வெச்சிகினு இருப்பேன். நின்னுச்சின்னா என்னைய ஒண்ணும் சொல்லாத.”

நம் பிழைப்பு அந்த ஒரு நாளில் தொங்கியது. அவள் வெட்டினால் மற்றவர்களும் வெட்டுவார்கள். நான் என்ன செய்தேன்? எதையும் நாலு தடவை யோசிக்கிற நான், அன்றைக்குப் பார்த்து யோசிக்கவில்லை. பயந்துபோயிருந்தேன் மச்சான். பயத்தில் உன் வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முகூர்த்தம் என்றால் இரட்டை வண்டி. பட்டணம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும், இரண்டு வண்டி நிறைய மல்லியை ஏற்றிக்கொண்டு கிழக்கே கிளம்பினோம்.

போரூர் தாண்டுவதற்குள் சாலை அடைத்துவிட்டது. எதிரே வண்டிமேல் வண்டி. கட்டில், ஆட்டுக்கல், கோழிக்கூடு, பாட்டுப்பெட்டி, மேலே பிள்ளைகள். நம் வண்டிக்கார முனுசாமி மாட்டை ஓரம் கட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“அண்ணாத்தே, பட்டணமே இங்க வந்துகினு கீது. நாம யாருக்குப் பூ எட்த்துகினு போறோம்?”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஈரத்துணி போட்டு மூடியிருந்தும் மொட்டு சாயங்காலத்துக்குமேல் தாங்காது. கோவிந்தம்மா வீட்டில் மண்வெட்டியைத் தீட்டும் சத்தம் எனக்குக் காதில் கேட்கிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் ஒரு வண்டியைப் பார்த்தேன். தட்டுமுட்டுச் சாமான் கொஞ்சம்தான். ஆனால் பெரிய அண்டா இரண்டு, நீளக் கரண்டிகள், அவற்றின் நடுவே சாய்ந்துகொண்டு ஒரு சமையல்காரர். குண்டுக்குப் பயந்து ஓடுகிறவன் எதற்குச் சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறான்? கல்யாணம் நிற்கவில்லை, இடம்தான் மாறுகிறது என்று சட்டென்று புரிந்தது. இறங்கிப்போய்ப் பின்னால் நடந்து வந்தவரைக் கேட்டேன். பெண்ணின் தகப்பனார் அவர்தான்.

“பூ வியாபாரியா நீங்க? நல்லா இருப்பீங்க. சத்திரத்தைப் பிடிச்சிட்டேன், சமையலுக்கு ஆளைப் பிடிச்சிட்டேன். மாலைக்கு எங்கே போறதுன்னு வழியெல்லாம் இவ அழுதுகினே வர்றா” என்று மனைவியைக் காட்டினார். அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் அழுதாள்.

வண்டிகளைத் திருப்பச் சொன்னேன். குமணன்சாவடியில் திருவள்ளூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் சாலை பிரிகிற இடத்தில் நின்றுகொண்டு, அண்டாவும் சமையல்காரரும் எந்த வண்டியில் வருகிறார்கள் என்று பார்த்தேன். வந்துகொண்டே இருந்தார்கள். மாலை கட்ட ஆள் வேண்டுமே என்று தங்கச்சியிடம், உன் மனைவியிடம், ஓடினேன். அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. தெருப் பெண்களை எல்லாம் கூப்பிட்டு உன் வீட்டு முற்றத்தில் உட்காரவைத்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் பூவில் பெரும்பகுதி போய்விட்டது. கோவிந்தம்மாவும் மண்வெட்டியை மூலையில் வைத்தாள். மீந்ததைத் தர்காவுக்கும் பெருமாளுக்கும் கொடுத்தேன். இரண்டு பேருமே குறை சொல்லவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உன்னைவிடக் கெட்டிக்காரனாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். சமையல்காரர் வந்தால் கல்யாணம், இனி நமக்குப் பஞ்சாங்கமே வேண்டாம் என்று முனுசாமியிடம் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த முகூர்த்தத்துக்கும் அதே இடத்தில் போய் நின்றேன். சமையல்காரர்கள் போன தடவையைவிட அதிகமாக வந்தார்கள். ஆசை ஆசையாய் ஒருவரிடம் போய், “கல்யாணம் எங்கேங்க?” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எனக்கு மூணு பிள்ளைங்கப்பா. மூணுக்கும் கல்யாணம் ஆயிடுச்சி. பட்டணத்துல ஆக்கிப்போட்டா சாப்பிட ஆள் இல்ல, ஊருக்குப் போறேன்.”

அன்றைக்கு ஒரு வண்டிப் பூ வாடியது. முனுசாமி பூ வாங்க ஆள் தேடித் திருவள்ளூர் வரைக்கும் சிரித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தும் சிரித்தான். எனக்குக் கோபம் வரவில்லை. நீ முதன்முதலில் இரட்டை வண்டி என்று சொன்ன வருஷம் எனக்கு ஞாபகம் வந்தது. அதற்குமுன் நீ பட்டணத்துக் கடைத்தெருவில் போய் நின்று, யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாய். நாங்கள் அந்தப் பகுதியை மறந்துவிட்டு, நீ முடிவாகச் சொன்ன ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டோம். கடைசிக் காலத்தில் நீயும் கொஞ்சம் மறந்துவிட்டாய், கோபித்துக்கொள்ளாதே.

இப்போது பட்டணத்தில் பாதிப்பேர் திரும்பிவிட்டார்கள். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்குக் கொட்டகை போடுகிறார்கள். அங்கே வேலைக்கு வந்த குடும்பங்கள் வெள்ளிக்கிழமையானால் பூ கேட்கிறார்கள். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் எங்காவது போய் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். போட்ட கணக்கு சில நாள் சரி, சில நாள் தப்பு. உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருக்கிறேன். நீ இல்லாதது மட்டும் பழகவில்லை. நல்ல விலைக்கு விற்ற அன்றைக்கு வண்டியில் உன் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாய் எடுக்கிறேன், அங்கே காலிக் கூடைதான் இருக்கிறது.

இனிமேல்தான் முக்கியமான சேதி. போன வாரம் நல்ல மழை. கோவிந்தம்மா ஆள் அனுப்பி என்னை வரச்சொன்னாள். மனசு மாறிச் செடியை வெட்டியிருப்பாளோ என்று பயந்துகொண்டே போனேன். தோட்டம் அப்படியே இருந்தது. பக்கத்துக் கொல்லையையும் உழுது, மல்லிப் பதியன்களை ஈரச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றாள்.

“இது பூக்கறதுக்கு ரெண்டு வருசம் ஆவும் நைனா. அதுக்குள்ள சண்ட முடிஞ்சிடுமா? பட்டணம் இருக்குமா? நடட்டுமா, வாணாமா? நீ சொல்றதத்தான் கேட்டுக்குவேன்.”

இதற்கு உன்னிடம் என்ன வழி இருந்திருக்கும், காதர்? நானும் தேடிப்பார்த்தேன். போன வருஷம் உதவாது, பஞ்சாங்கம் உதவாது, எந்தச் சாலையில் போய் நின்றாலும் அந்தப் பதில் வண்டியேறி வராது. அவள் வீட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நடும்மா” என்றேன். அவள் உடனே குனிந்து நட ஆரம்பித்துவிட்டாள்.

ஆகவே உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தக் கொல்லையில் பூக்கும் முதல் கூடையை, பட்டணம் எந்த நிலையில் இருந்தாலும், நான் எடுத்துக்கொள்வேன். அதை உன் கபருக்குக் கொண்டுவந்து தூவமாட்டேன். விற்கிற பூவைத் தூவினால் எழுந்து வந்து திட்டுவாய். விற்றுவிட்டு, வெறுங்கூடையோடு உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யார் வாங்கினார்கள், எதற்கு வாங்கினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

என்றும் உன் மச்சான்,
துரைசாமி
பூந்தமல்லி