ஒக்கலிபுரம் மதில் சந்தில் நடந்தது வழிப்பறியே

அனுப்புநர்:
பாகீரதி சீனிவாசராகவன், பி.ஏ.,
ஒக்கலிபுரம், பெங்களூர்.

பெறுநர்:
உதவிப் போலீஸ் கமிஷனர் அவர்கள்,
பெங்களூர் நகரம்.

பொருள்: எங்கள் வட்டாரத்தில் வழிப்பறி 'பூஜ்யம்' என்ற கணக்கைத் திருத்தவும், ரயில்வே மதில் சந்தில் காவல் போடவும் கோருவது.

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு வணக்கம்.

1. ஞாயிறன்று மாதர் சங்கத்தில் தாங்கள் தமிழில் பேசினீர்கள். அந்தத் தைரியத்தில் தமிழிலேயே எழுதுகிறேன். எங்கள் வட்டாரத்தில் ஆறு மாதத்தில் சைக்கிள் திருட்டு முப்பத்திரண்டு, தொலைந்த பொருள் பதினேழு, கைகலப்பு ஒன்பது, வழிப்பறி ஒன்றுகூட இல்லை என்று வாசித்தீர்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அந்தப் பதினேழில் ஒன்று என்னுடையது.

2. நவம்பர் 12, மாலை ஆறரை மணி. அப்போது எட்டு மாதமான என் பெண் ரமாவை டாக்டரிடம் காட்டிவிட்டு அந்தச் சந்து வழியே வந்தேன். ஒருவன் குழந்தையின் காதுக்குக் கீழே கத்தியை வைத்து, என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொன்னான். கழற்றிக் கொடுத்தேன். திருமாங்கல்யத்தோடு.

3. ஸ்டேஷனில் ஏட்டையா ரமாவின் காதடியில் கத்தி பட்ட கீறலைப் பார்த்துவிட்டு, "நகம் பட்டிருக்கும். கொழந்தைக்கு ஒண்ணும் ஆகலையில்ல, விடும்மா" என்றார். வழிப்பறி என்றால் கோர்ட்டில் நாலு பேர் முன்னால் எல்லாம் சொல்ல வேண்டிவரும் என்று என் கணவரைப் பயமுறுத்தினார். சுமங்கலி தன் கையால் திருமாங்கல்யத்தைக் கழற்றுவதை எங்கள் குடும்பத்தில் நினைக்கவும் மாட்டார்கள். கூட வந்த மாமியார் தன் பிள்ளையிடம், "அவளே கழட்டிக் குடுத்தான்னு எழுதிடாதேடா" என்று அழுதார். வழியில் அறுந்து விழுந்ததாக ஏட்டையாவே எழுதிக் கொடுத்தார். என் கணவர் கையெழுத்திட்டார். பி.ஏ. படித்த நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மூன்று மாதம் அப்படியே இருந்துவிட்டேன்.

4. ஜனவரி 20 அன்று அதே சந்தில், மில் தொழிலாளி யசோதா காதுத் தோட்டைத் தர மறுத்தாள். முழங்கையில் ஏழு தையல். அவள் புகார் 'கைகலப்பு' என்று பதிவாகியிருக்கிறது. மில்லுக்குப் போகிறவளுக்கு நடந்தால் சண்டை, எங்களுக்கு நடந்தால் தொலைந்த பொருள். வழிப்பறி மட்டும் இந்த ஊரில் யாருக்கும் நடப்பதே இல்லை! நான் அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் அங்கே ஒரு போலீஸ்காரர் நின்றிருப்பார். அவள் கைக்கு நானும் பதில் சொல்ல வேண்டியவள்.

5. நான் கணிதம் படித்தவள். எழுதாமல் விட்டதற்கெல்லாம் பூஜ்யம் போடலாம் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 'தொலைந்த பொருள்' கணக்கில் மீதிப் பதினாறு பேரையும் 'கைகலப்பு' கணக்கில் மீதி எட்டுப் பேரையும் தாங்களே கூப்பிட்டு விசாரியுங்கள்.

6. எங்கள் இரு புகார்களையும் உள்ளபடி பதிவு செய்து, தினமும் மாலையில் அந்தச் சந்தில் காவல் போட உத்தரவிட வேண்டுகிறேன். நான் கையெழுத்திட்ட வாக்குமூலம் இத்துடன் இருக்கிறது. "என் கையால் கழற்றிக் கொடுத்தேன்" என்ற வரியை அடிக்கோடிட்டிருக்கிறேன். கோர்ட்டில் எத்தனை பேர் முன்னாலும் அதைச் சொல்வேன்.

டாக்டர் வீட்டுக்கு எங்களுக்கு வேறு வழி கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ரமாவுக்கு ஊசி. அவளைத் தூக்கிக்கொண்டு அந்தச் சந்தில்தான் போவேன். அங்கே தங்கள் ஆள் நிற்பாரா, அவன் நிற்பானா என்பது தங்கள் உத்தரவைப் பொறுத்தது.

இடம்: பெங்களூர்
தேதி: 4-2-1964

இங்ஙனம்,
(ஒப்பம்) பாகீரதி
ரமாவின் தாய்