மூன்று பங்கு வேர்

மார்ச் 3

மூட்டு வைத்தியச் சுவடியின் அச்சுப்படி திருத்தத்துக்கு வந்தது. கண்ணைக் கெடுத்துக்கொண்டு நான் படியெடுத்த சுவடி. பூச்சி தின்ற இடங்களில் எல்லாம் புள்ளி வைத்திருந்தேன். இதில் ஒரு புள்ளியைக்கூடக் காணோம். எங்கள் நிறுவன இயக்குநர் சொந்தச் சரக்கால் நிரப்பிவிட்டார். தளை தட்டாமல், அவ்வளவு வழவழப்பாக.

மார்ச் 4

அவர் அறைக்குப் போனேன். சுவர் முழுக்க அவர் பரிசு வாங்கும் போட்டோக்கள்.

"சார், வேர் எத்தனை பங்குன்னு சுவடியில இல்ல. நீங்க மூணுன்னு போட்டிருக்கீங்க."

"யாப்புக்கு அதுதான் பொருந்துது."

"அது விஷ வேர் சார்."

"யாரும்மா இதைக் காய்ச்சிக் குடிக்கப் போறாங்க? புள்ளி வச்சா புத்தகம் பொக்கை வாய் மாதிரி இருக்கும்."

பொய்ப்பல் கட்டுகிறாராம். என் பேரை எடுத்துவிடச் சொன்னேன். உடனே எடுத்தார். வேறு எந்த வேலையிலும் அவரிடம் அந்த வேகத்தைப் பார்த்ததில்லை.

ஏப்ரல் 19

வெளியீட்டு விழா. பேசியவர்களில் ஒருவரும் படிக்கவில்லை. அட்டையைத் தடவித் தடவிப் பாராட்டினார்கள். "சுவடி என்னோடு பேசியது" என்றார் இயக்குநர். பேசியிருக்கும். பாதியில் அதன் வாயைப் பொத்திவிட்டு மீதியை இவரே சொல்லியிருக்கிறார்.

மே 6

அக்கா ஆஸ்பத்திரியில். தங்கச்சி வேலை பார்த்த புத்தகம்னு எனக்குச் சொல்லாம வாங்கியிருக்கா. முழங்கால் வலிக்கு அந்தக் கஷாயத்தைக் காய்ச்சிக் குடிச்சிருக்கா. வாந்தி, வலிப்பு. வராண்டாவுல அத்தான் கேட்டார், "நீ பண்ண புத்தகம்தானே?" என்ன சொல்றது, என் பேரு அதுல இல்லைன்னா? பேரை எடுத்துக்கிட்டேன். வரியை விட்டுட்டேன். த்தூ, நானும் ஒரு ஆளு.

மே 8

கண் திறந்தாள். "மூணுன்னுதானே இருந்துது? சரியாத்தானடி போட்டேன்?"

ஜூன் 2

என் புகாரை விசாரிக்கக் குழு போட்டார்கள். தலைவர் யார்? இயக்குநரேதான். கள்ளன் கையில் சாவி. முடிவும் வந்துவிட்டது: பிழை சுவடி எழுதியவருடையதாம். செத்தவன் எழுந்து வந்தா மறுக்கப் போகிறான்? ஏட்டின் படத்தையும் அச்சான பக்கத்தையும் ஒரு நாளிதழுக்கு அனுப்பினேன். ராஜினாமாவை அலுவலகத்துக்கு.

ஜூன் 11

செய்தி வந்துவிட்டது. கடைகளிலிருந்து புத்தகத்தைத் திரும்ப வாங்குகிறார்கள். இயக்குநருக்கு இன்னொரு நிறுவனத்தில் ஆலோசகர் பதவியாம். சிலதுக்கு மூழ்கத் தெரியாது. மிதக்க மட்டும்தான் தெரியும்.

ஜூன் 12

விழாவில் அட்டையைத் தடவியவர்களில் ஒருவர் போன் செய்தார். முதல் நாளே சந்தேகப்பட்டாராம். வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 14

இப்போது அக்கா வீட்டுக் கூடம்தான் அலுவலகம். ஒரு குடும்பம் நம்பிக் கொடுத்த குதிரை வைத்தியச் சுவடி. என் படியை அக்கா சத்தமாகப் படிக்க, நான் ஏட்டோடு ஒப்பிடுகிறேன். காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். வலி அப்படியேதான் இருக்கிறது. இன்று ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இங்க வெறும் புள்ளியா இருக்கேடி. என்னன்னு படிக்க?"

"நீ என்ன நினைக்கிறே?"

கொஞ்சம் யோசித்தாள். "தெரியல" என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.