எத்தனை பேர் குடிவருவீர்கள்?

திருப்பரங்குன்றம்
21-1-2024

ஆன்சி அப்பாவுக்கு,

ஆனிமேரி எழுதுவது. நான் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீங்களும் சுகமாக இருப்பீர்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன ஞாயிறு கூப்பிட்டீர்கள். சாப்பிட்டியா என்றீர்கள், சாப்பிட்டேன் என்றேன். மழையா என்றீர்கள், இல்லை என்றேன். அதற்கப்புறம் ஒருத்தர் மூச்சு விடுவதை ஒருத்தர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டோம். இதற்கு எதற்கு ரீசார்ஜ்? எழுத உட்கார்ந்தால் நாலு வரியாவது வருகிறது. கொட்டாம்பட்டி சிவக்குமார் அண்ணன் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறாராம். ஏர்போர்ட் போகிற வழியில் வந்து இதை வாங்கிக்கொள்வார்.

டிசம்பரில் போனில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. இந்த வீட்டில் இனிமேல் கால் வைக்க மாட்டேன், வேறு ஏரியாவில் வீடு பார்த்தால் மே மாதம் காண்ட்ராக்டை முடித்துக்கொண்டு வாரேன், இல்லையென்றால் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்றீர்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னீர்கள். சரி, பார்க்கிறேன். பார்ப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. போன ஜூனில் நம் பிள்ளையைக் காய்ச்சல் கொண்டுபோனதிலிருந்து எனக்கு எதுவும் கஷ்டமாகவும் இல்லை, சுகமாகவும் இல்லை. சோற்றில் உப்பு போட்டேனா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

மலையாண்டி என்று ஒரு புரோக்கர். வாய் ஓயாது. அவனியாபுரத்தில் ஒரு வீடு காட்டினார். தலைக்கு மேலே பிளேன் போகிறது. "பழகிரும்க்கா, நமக்கென்ன டிக்கெட்டா கேக்குறான்" என்கிறார். வீட்டுக்காரம்மா எத்தனை பேர் என்று கேட்டார். ரெண்டு பேர் என்றேன். "புள்ளைக இல்லையா? டாக்டர்கிட்ட காட்டினீகளா?" என்று என் வயிற்றைப் பார்த்தார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்தது ஒத்தக்கடை. அங்கே வேதக்காரங்களா, சர்ச்சுக்குப் போறவுகளா, கறி சமைப்பீகளா எல்லாம் முடிந்து, கடைசியில் அதே கேள்வி. இந்தத் தடவை உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று சொன்னேன். ஒரு மகள் இருந்தாள், போய்விட்டாள் என்று. அந்தம்மா உச்சுக்கொட்டி, தண்ணீர் கொடுத்து, நல்லபடியாகத்தான் அனுப்பினார். மறுநாள் மலையாண்டி வந்து, வீடு வேறு ஆளுக்கு முடிந்துவிட்டது என்றார். துக்கம் நடந்தவர்களைப் புது வீட்டில் வைக்க யோசிக்கிறார்களாம்.

எந்த வீட்டைப் பார்த்தாலும் அங்கேயிருந்து கல்லறைக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்றுதான் மனசு கணக்குப் போடுகிறது. மலையாண்டியிடம் அதைச் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஆனிமேரி

*

மஸ்கட்
9-2-2024

ஆனிமேரிக்கு,

கடிதமும் கருவாடும் கிடைத்தன. இங்கே வேலை அப்படியேதான் இருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஒரு விஷயம். கடிதத்தின் மேலே என்னை எப்படிக் கூப்பிட்டு எழுதினாயோ, அப்படி இனிமேல் எழுதாதே. கேம்ப்பில் நாலு பேர் படுக்கிற அறை. முதல் வரியோடு மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு மறுநாள்தான் மீதியைப் படித்தேன். போனிலும் அப்படிக் கூப்பிட வேண்டாம்.

தெற்கிலும் கிழக்கிலும் தேடாதே, மேற்கே போ. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பார். அங்கே நமக்குச் சொந்தமும் இல்லை, பழக்கமும் இல்லை, நம் கோயில் ஆட்களும் இல்லை. திருப்பரங்குன்றத்தில் தெருவில் இறங்கினால் பால்காரரில் இருந்து பாதர் வரைக்கும் எல்லார் முகத்திலும் அது ஒன்றுதான் இருக்கிறது. அடக்கத்துக்கு வந்து இருந்த நாளெல்லாம் அந்த முகங்களைத்தான் பார்த்தேன். எனக்கு அது போதும். நம்மைத் தெரியாதவர்கள் நடுவில் இருந்துவிட்டுப் போவோம்.

எத்தனை பேர் என்று கேட்டால் ரெண்டு பேர் என்று சொல். டாக்டர் என்றால் பார்த்தோம் என்று சொல். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

கல்லறை தூரம் என்றால் தூரம்தான். பக்கத்தில் இருந்து மட்டும் என்ன செய்யப்போகிறோம்.

கிருபாகரன்

*

திருப்பரங்குன்றம்
3-3-2024

கிருபாகரன் அவர்களுக்கு,

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்கள் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. பேங்க் மேனேஜருக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், நீங்கள் கேட்டதுதானே.

நீங்கள் சொன்னபடி மேற்கே போனேன். நாகமலை புதுக்கோட்டையில் மெயின் ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி ஒரு வீடு. மாடியில் வாடகைக்கு, கீழே அவர்களே இருக்கிறார்கள். வீட்டுக்காரி பெயர் பாண்டீஸ்வரி, என்னைவிட இளையவள். செக்கானூரணிப் பக்கம் காடு கரை வைத்திருக்கிறார்கள். போன உடனே, "வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல உக்காருங்கக்கா, வீடு எங்கயும் ஓடிப்போகாது" என்று மோர் கொடுத்தாள். ரெண்டு பெட்ரூம், ஒன்று சின்னது. பின்னால் ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது. தண்ணீரும் நன்றாக இருக்கிறது. கல்லறைக்குப் போகக் காளவாசலில் இறங்கி மாற வேண்டும். தூரம்தான்.

இனிமேல் எழுதப்போவதைப் படித்துவிட்டுத் திட்டுங்கள். அவளும் கேட்டாள், எத்தன பேருக்கா என்று. ரெண்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மூணு பேர் என்று சொல்லிவிட்டேன்.

"மூணாவது யாரு, அத்தையா?"

"மக. ஆன்சி. பத்தாவது பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருக்கா, அதான் கூட்டிட்டு வரல."

போன வாரம்தான் வேலைக்குப் போய்ப் பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்து அவள் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஹால் டிக்கெட் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் கொடுத்தேன். அது உள்ளே எங்கேயோ இருந்து இங்கே வந்து வாயைத் திறந்திருக்கிறது போலிருக்கிறது. பாண்டீஸ்வரிக்கு அம்புட்டு சந்தோஷம். "பொம்பளப் புள்ள வந்தா வீடு நெறஞ்சிரும்க்கா" என்றாள். அப்புறம் எப்படி இல்லையென்று சொல்வது?

என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசாமல் சாவி கொடுக்க மாட்டார்களாம். உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அவள் கூப்பிடும்போது உள்ளதை நீங்களே சொல்லிவிடுங்கள். உங்களுக்கு அது வரும், எனக்கு வரவில்லை. சொன்ன பிறகும் வீடு கொடுத்தால் வாங்கிக்கொள்வோம்.

ஆனிமேரி

*

மஸ்கட்
25-3-2024

ஆனிமேரிக்கு,

அந்தம்மா கூப்பிட்டார்கள். பேசி முடித்துவிட்டேன். வீடு நமக்குத்தான், அட்வான்ஸ் கொடுத்துவிடு. சாவியை ஏப்ரல் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம், பெயின்ட் அடித்துத் தருகிறார்களாம்.

நீ அங்கே சொல்லிவிட்டு வந்ததைப் பற்றி இனி ஒன்றும் எழுத வேண்டாம். அதுவும் முடிந்தது.

இங்கே இப்போதே வெயில் கொளுத்துகிறது. உனக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கிக்கொள்.

கிருபாகரன்

*

திருப்பரங்குன்றம்
28-4-2024

ஆன்சி அப்பாவுக்கு,

வேண்டாம் என்றீர்கள். இன்றைக்கு இப்படித்தான் எழுதுவேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

காலையில் பூசை முடிந்து நாகமலைக்குப் போனேன். பாதரைக் கூப்பிட்டு வீடு மந்திரிப்பதற்கு முன்னால் கூட்டித் துடைத்து வைக்கலாம் என்று துடைப்பத்தோடு போனேன். மாடிக்கு ஏறினால், ஹால் வெள்ளை, பெரிய அறை வெள்ளை. சின்ன அறை மட்டும் பச்சை. இளம்பச்சை, அவளுடைய பச்சை.

"என்ன பாண்டீஸ்வரி, இதென்ன கலரு?"

"அண்ணேதான் சொன்னாரு. பாப்பாவுக்கு இந்தக் கலருன்னா உசுராம்ல? கட்டில ஜன்னலுக்கு நேராப் போடக் கூடாதாம், வெளிச்சம் பட்டா முழிச்சிருமாம். டியூப்லைட்டும் ஆகாதுன்னாரு, அதான் மஞ்ச பல்பு மாட்டியிருக்கேன்."

"எப்பச் சொன்னாரு?"

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை போன் போடுறாருல்ல. பெயின்ட் எம்புட்டு ஆச்சுன்னு கேக்கப் போடுவாரு, அப்படியே பாப்பா பேச்சுக்குப் போயிருவாரு. நானும் அடுப்ப அணைச்சுட்டு உக்காந்துருவேன். பாட்டுப் போட்டில ஜெயிச்சுட்டு மேடையிலயே தூங்குன கதையெல்லாம் சொன்னாரு. இந்த வாரம் பேரையூர் கெணத்துல நீச்சப் பழகுன கதை. பாதியில வேலைக்குக் கூப்பிட்டாகன்னு வச்சுட்டாரு."

நான் துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு அந்த அறையில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வராமலே இருந்த கோபம் எல்லாம் சேர்த்து வந்தது. என்னிடம் சாப்பிட்டியா, மழையா. முன்னே பின்னே தெரியாத ஒரு பெண்ணிடம் என் மகளின் கதை. வாராவாரம். எனக்கு அந்தப் பெயரை எழுதக்கூடத் தடை போட்ட மனுஷன். மஸ்கட்டில் இருந்தீர்கள், தப்பித்தீர்கள். பக்கத்தில் இருந்திருந்தால் அந்தத் துடைப்பம் சும்மா இருந்திருக்காது.

பிறகு அழுதேன். அடக்கத்தன்று அழுததற்குப் பிறகு இன்றைக்குத்தான். பாண்டீஸ்வரி பதறிப்போய், என்னக்கா என்னக்கா என்று பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டேன். ஆன்சி வரமாட்டா, போன ஜூன்லயே போயிட்டா என்று.

"அடியாத்தீ" என்று அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு பேரும் சேந்து என்னைய இப்படி ஏமாத்திட்டீகளேக்கா, நான் அந்தப் புள்ளைக்கு நெல்லிக்காய் ஊறப்போட்டு வச்சிருக்கேனே" என்றாள். சேர்ந்தெல்லாம் செய்யவில்லை, அவர் சொன்னது எனக்கே இப்போதுதான் தெரியும் என்றேன். அவள் நம்பினாளோ என்னவோ. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அந்தக் கெணத்துக் கதை? அது நெசமா?" என்று கேட்டாள்.

"அது நெசம்."

"மேல வந்துச்சா, இல்ல பயந்துருச்சா?"

அவர்கிட்டயே கேட்டுக்கோ என்று சொல்லிவிட்டேன். கிணற்று மேட்டில் நின்று நான் கத்திக்கொண்டிருந்தேன், கண்ணை வேறு மூடிக்கொண்டேன். உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது. நீங்களும் அவளும்தான் தண்ணீருக்குள் இருந்தீர்கள்.

துக்கம் நடந்தவர்களுக்கு வீடு கொடுக்க யோசிப்பாயா என்று அவளிடம் நேராகவே கேட்டேன். "இம்புட்டுக்குப் பெறகு என்னத்த யோசிக்க. வாங்க. அந்த ரூமுக்கு மட்டும் வெள்ளை அடிச்சுத் தாரேன்" என்றாள். வேண்டாம், அவர் சொல்லட்டும் என்று தடுத்து வைத்திருக்கிறேன். நம்மைத் தெரியாதவர்கள் நடுவில் இருக்க வேண்டும் என்றீர்கள். இனி அந்த வீட்டிலும் நம்மைத் தெரியும். நாளையே ஸ்பீட் போஸ்ட்டில் இதைப் போடுகிறேன். நீங்கள் வருவீர்களா மாட்டீர்களா என்று எழுதுங்கள். சுவருக்கு என்ன செய்வது என்றும் எழுதுங்கள்.

ஆன்சி அம்மா

*

மஸ்கட்
13-5-2024

ஆன்சி அம்மாவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. அதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

பாண்டீஸ்வரி முதல்முதலாகக் கூப்பிட்டபோது, நீ சொன்னபடி உள்ளதைச் சொல்லத்தான் இருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். "அண்ணே, பாப்பாவுக்கு என்ன கலரு புடிக்கும்?" என்றுதான் அவள் ஆரம்பித்தாள். பச்சை என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பாடம் வாயில் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நானே கூப்பிட்டேன். அவள் கேட்கும்போது ஆன்சி பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. உன்னிடம் பேசினால் அவள் இல்லாதது மட்டும்தான் இருக்கிறது, அதனால்தான் உன்னிடம் பேசவில்லை. இது சரியில்லை என்று எனக்கும் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை பத்தாவது ரிசல்ட். அதற்கு முந்தின வெள்ளி லீவு கிடைக்காமல் கூப்பிடவில்லை. எம்புட்டு மார்க் என்று பாண்டீஸ்வரி கேட்பாள் என்று காலையில் இருந்தே யோசித்தேன். நானூற்று ஐம்பத்திரண்டு என்று வைத்திருந்தேன். கணக்கில் கொஞ்சம் குறைத்துத்தான் போட்டேன், ஆன்சிக்குக் கணக்கு வராதே.

போனை எடுத்ததும் பாண்டீஸ்வரி மார்க் கேட்கவில்லை. "அண்ணே, அக்கா வந்துட்டுப் போச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குப் புரிந்துவிட்டது. வைத்துவிடப் போனேன். "வைக்காதீகண்ணே. கெணத்துக் கதை பாதியில நிக்குது. அதச் சொல்லிட்டு வைங்க" என்றாள்.

முழுக்கச் சொன்னேன். காலி கேனை முதுகில் கட்டி இறக்கியதில் இருந்து, நடுக் கிணற்றில் அவளே முடிச்சை அவிழ்த்து என்னிடம் தூக்கிப் போட்டது வரைக்கும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, "ஆன்சி செத்துப்போயிட்டாம்மா" என்றேன். இந்த ஒரு வருஷத்தில் நான் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். "தெரியும்ணே" என்றாள் பாண்டீஸ்வரி. அறையில் மற்ற மூன்று பேரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். ரொம்ப நேரம் அழுதேன்.

காண்ட்ராக்டில் கையெழுத்துப் போடவில்லை. முப்பதாம் தேதி மதுரைக்கு வந்து இறங்குகிறேன். சுவர் அப்படியே இருக்கட்டும் என்று பாண்டீஸ்வரியிடம் சொல்லிவிட்டேன். அந்த அறைக்குள் முதல் நாளே என்னால் போக முடியுமா என்று தெரியவில்லை. போகவில்லை என்றால் ஒன்றும் சொல்லாதே. கல்லறைக்கு நீ காளவாசலில் இறங்கி மாற வேண்டாம். பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கிக்கொள்வோம், ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்.

கண்ணை மூடிக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறாய். முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்னால் அவள் என் காதில் ஒன்று சொன்னாள். அதைப் பாண்டீஸ்வரியிடம் சொல்லவில்லை. வந்து உன்னிடம் சொல்கிறேன்.

ஆன்சி அப்பா